எலும்பு சொல்லாத கிழமை
பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பல் பகுதித் தமிழ்ச் சாப்பாட்டுக் கடையின் கண்ணாடியில் படிந்த ஆவிக்கு அப்பால் மதிய வெயில் மங்கலாக நிற்கிறது. இராஜேந்திரன் மீனிலிருந்து முள்ளை எடுத்து எடுத்துத் தட்டோரம் வைக்கிறார். இன்னும் ஒரு வாய் உண்ணவில்லை. எதிரில் மகள் தர்மிளா. துருவப் பக்கத்து இனுயிட் மக்களின் பழைய எலும்புகளை ஆராய்ந்து, அவர்கள் எதை உண்டு வாழ்ந்தார்கள் என்று கண்டறிவது அவள் வேலை. "எப்பவோ செத்தவன் என்ன திண்டவன் எண்டு பாக்கவும் சம்பளமோ?" என்று சிரிக்கிறார். "ஓம் அப்பா. கடல்நாயோ, மானோ, எலும்பே சொல்லும்." மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் கடக்க, குவளைத் தண்ணீர் நடுங்கி அடங்குகிறது. "அங்கை ஊரிலை புதைகுழி கிண்டி எடுக்கிற எலும்பிலை," என்கிறார் தட்டைப் பார்த்தபடியே, "கொண்ணன் கடைசிக் கிழமை பட்டினி கிடந்தவனோ எண்டு தெரியுமோ?" போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் அவள் அண்ணன் லவன் தொலைந்தபின் அவர் மகனைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி இது. "இல்லை அப்பா. எலும்பு வருசக்கணக்கைத்தான் சொல்லும். கடைசிக் கிழமை அதிலை நிக்காது." கடைசி வாரத்துப் பட்டினி தலைமயிரில் பதிந்திருக்கும் என்பதை அவள் சொல்லாமல் விடுகிறாள். "அப்ப சரி," என்கிறார். முள்ளெடுத்த மீன் முழுவதையும் அவள் தட்டுக்கு நகர்த்துகிறார். "நீ பசியோடை இருக்காதை, பிள்ளை."