நீலப் படகின் சத்தம்

“ஒன்பதாம் ஆண்டோடை பள்ளிக்கூடத்தாலை நிண்ட உனக்கு உந்தப் படகு விசயமெல்லாம் எப்பிடியடி விளங்கும்?” என்று ஆரணி ஒருமுறை டிலுக்சியிடம் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். பல்கலைக்கழகக் கம்பசில் படிக்கும் அதே ஆரணிக்குத்தான் இன்று டிலுக்சியின் அண்ணன் ஜெறோம் வெயிலில் குடை பிடிக்கிறான். காங்கேசன்துறைக் கரையில் இரண்டு பழைய பாய்ப்படகுகள் முட்டுக்கொடுத்து நிற்கின்றன. ஒன்றை வாங்கித் திருகோணமலைவரை ஓட்டிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. “வெள்ளை வலு பாரம், உள்ளுக்கையும் ஒடுக்கம். நீலம் வடிவு, அறையும் பெரிசு. நீலத்தையே எடுங்கோ,” என்கிறாள் ஆரணி. “படிச்ச பிள்ளையின்ரை கண்ணே வேறை,” என்கிறான் அவன். ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போட்டுக் காய்த்துப்போன விரல்முட்டியால் டிலுக்சி வெள்ளைப் படகைத் தட்டுகிறாள். முற்றாத பலாக்காயைப் போல அது ‘டண்’ என்கிறது. நீலத்தின் அடிவயிற்றைத் தட்டுகிறாள். பழுத்த பலாப்பழம்போல ‘பொத்’ என்கிறது. உள்ளே நீர் ஊறி உளுத்துவிட்டது. அந்தச் சத்தம் இங்கே அவளுக்கு மட்டுந்தான் விளங்கும். ஆரணியின் நெற்றி வியர்வையைத் துடைக்க ஜெறோம் தன் லேஞ்சியை நீட்டுகிறான். தங்கைக்கு ஒருநாளும் நீட்டாத லேஞ்சி. “என்னடி, நீலம் நல்லதுதானே?” என்று திரும்பிக் கேட்கிறான். முட்டியில் ஒட்டிய நீலத்தூளைப் பாவாடையில் துடைத்துவிட்டு, டிலுக்சி துறைமுக வாசலைத் தாண்டிப் போகிறாள்.