சுவர்தான் ஊதிப்போச்சு

பேக்கரிக்கும் பஜ்ஜிக் கடைக்கும் நடுவே ஒரு சுவர். அந்தப் பக்கம் ஓர் எலி நாடு, இந்தப் பக்கம் இன்னொன்று. பூனை துரத்தினால் பக்கத்து நாட்டுக்குத் தப்பி ஓட, சுவரடியில் ஓர் ஓட்டை இருந்தது. அமாவாசைதோறும் எல்லா எலிகளும் அதில் நுழைந்து பார்க்க வேண்டும். சிக்கிக்கொண்டவர் குண்டு என்று கணக்கு.

இந்த முறை பேக்கரி நாட்டில் பன்னிரண்டு பேர் சிக்கினார்கள், பஜ்ஜி நாட்டில் ஒன்பது பேர்.

பேக்கரி நாட்டில் கணக்கெடுக்கும் தவிடனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சுவருக்கும் அடுப்புக்குமாக நடந்தான். மனசு ஆறட்டும் என்று ஒரு பன் தின்றான். ஆறவில்லை. இன்னொன்றும் தின்றுவிட்டு ஓட்டை வழியே கத்தினான்.

"குறுணை! உங்க ஆளுங்க மட்டும் எப்படி இளைச்சாங்க?"

அந்தப் பக்கத்துக் கணக்குக்காரி குறுணை, வாயில் பஜ்ஜியோடு வந்தாள்.

"இளைச்சாங்களா? போன தடவை ஆறு பேருதான் சிக்குனாங்க. அந்தக் கவலையிலதான் இதையே தின்னுட்டிருக்கேன்."

இருவரும் ஓட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

"நம்ம மேல தப்பில்ல. மழையில சுவர்தான் ஊதிப்போச்சு" என்றான் தவிடன்.

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றாள் குறுணை.

ஆளுக்கொரு பக்கமாக ஓட்டையின் விளிம்பைக் கொறிக்கத் தொடங்கினார்கள்.

அடுத்த அமாவாசையன்று ஒருவர்கூடச் சிக்கவில்லை. இரண்டு நாட்டிலும் ஒரே ஆட்டம். தவிடன் சுவரில் பெரிதாக ஒரு பூஜ்யத்தைக் கீறிவிட்டுத் திரும்பினான்.

பஜ்ஜிக் கடைப் பூனை ஓட்டைக்குள் நுழைந்து வந்துகொண்டிருந்தது. அதன் மீசைகூட எங்கும் உரசவில்லை.