பிள்ளை பிடிக்கிறவள்

"அப்பா மட்டும் அன்னிக்கு இல்லேன்னா, இன்னிக்கு நான் இல்லை சிஸ்டர்."

பக்கவாதத்தில் பேச்சிழந்து கிடந்த அப்பாவின் முகத்தை ஈரத்துணியால் துடைத்தபடி மகன் சொன்னான். புதிதாக வந்த நர்ஸ் தாங்கள் முன்பு குடியிருந்த வெளிநாட்டிலேயே வேலை பார்த்தவள் என்று தெரிந்ததும் அவனுக்கு வாய் ஓயவில்லை.

"அப்போ எனக்கு மூணு வயசு. பிள்ளை பிடிக்கிறவ ஒருத்தி என்னைத் தூக்கிட்டுப் போகப் பார்த்தா. அப்பா அவ மூஞ்சியிலேயே குத்தினார். அப்பவும் விடலை. காருக்குள்ளே கையை விட்டு என் சட்டையைப் பிடிச்சா. அப்பா கதவை ஓங்கி அறைஞ்சார். அவ விரல் நசுங்கி, என் மடியெல்லாம் ரத்தம்!"

"ஐயோ! பயந்துபோயிருப்பீங்களே?"

"பின்னே? 'லுவே, லுவே'ன்னு நான் தொண்டை கிழியக் கத்தினது இன்னும் ஞாபகம் இருக்கு. அந்த ஊர் பாஷையில திருடின்னுதானே அர்த்தம்?"

நர்ஸ் தயங்கினாள்.

"இல்லை சார். அங்கே குழந்தைங்க அம்மாவை அப்படித்தான் கூப்பிடும்."

மகன் அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினான்.

"என்னைப் பெத்த அன்னிக்கே அம்மா செத்துட்டாங்கன்னு சொன்னீங்களே!"

அப்பா கண்களை இறுக மூடிக்கொண்டார்.