ஈரல் துண்டு

மாக்கிறேற் டெய்சியின் வாலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

சீப்பில் வந்த மயிரை உருட்டி, காற்றில் பறந்துவிடாதபடி செருப்புக்கு அடியில் வைத்தாள். பக்கத்தில் நிற்பவர் தயாபரன். தன் நாயின் மயிர் ஒன்று பறந்து போய் அவருடைய நாயின் மேல் விழுந்தாலும் அதற்கும் ஒரு முறைப்பாடு வரும்.

தீவுகளில் நாய் வளர்க்கிறவர்களின் சங்கம், ஊர்காவற்றுறையில் கடலோரத்து மைதானம் ஒன்றில் நடத்திய கண்காட்சி. அல்சேஷன்களின் சுற்றுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. டெய்சியின் காது தானாக நிமிரவில்லை, பிளாஸ்ரர் ஒட்டி நிமிர்த்தியது என்று தயாபரன் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். தன் மீசைக்குப் பூசி மிஞ்சிய மையைத்தான் அவர் நாயின் முதுகில் பூசுகிறார் என்று மாக்கிறேற் சங்கத்தின் வாட்சப் குழுவில் எழுதினாள்.

எழுதிக் கொடுத்தது தங்கை அஞ்சலா. அக்காவுக்கு இவ்வளவு சூடாக எழுத வராது.

போன வருடம் தயாபரனின் சீசர் முதலாவதாக வந்தது. டெய்சி இரண்டாவது. அன்றைக்கு சுருவிலில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அழுததும் அஞ்சலாதான். இன்னொரு தடவை இதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தன்னால் ஏலாது என்றாள்.

கண்காட்சிக்குப் போகும் நாய்க்கு அன்று காலை சாப்பாடு கிடையாது. பசி இருந்தால்தான், அவித்த ஈரல் துண்டைக் கையில் காட்டும்போது தலையை நிமிர்த்தி அசையாமல் நிற்கும். அங்கே நாய் கொண்டுவந்த எல்லோருடைய பையிலும் ஈரல் இருந்தது.

மாக்கிறேற்றின் பையில் மட்டும் இல்லை. வெளிக்கிட்ட அவசரத்தில் பிறிட்ஜுக்குள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

மூன்றாவது தடவையாகப் பையைக் கிளறும்போது அவளுக்கு முன்னால் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி நீண்டது.

“இந்தாரும் மாக்கிறேற். எங்கடை கோவத்துக்கு அது ஏன் பசி கிடக்கவேணும்? என்ரை நாய்க்கும் இன்னும் குடுக்கேல்லை, நீர் முதல் எடும்.”

தயாபரன் அவளைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மீசையின் நுனியில் மெய்யாகவே கொஞ்சம் மை வழிந்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் அது விளங்கியிருக்கவேண்டும். மீசையைத் துடைத்துக்கொண்டு அவரும் சிரித்தார்.

இரண்டு வருடம் அவ்வளவு சுலபமாக முடிந்தது.

அவள் ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். டெய்சி பல் படாமல் வாங்கி விழுங்கியது. இன்னொன்றும் கொடுத்தாள்.

இலக்க அட்டை வாங்கப் போயிருந்த அஞ்சலா திரும்பி வந்தாள். அட்டையை நீட்டியவள் அக்காவின் விரல்களைப் பார்த்தாள். பிறகு தயாபரனின் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

“ஆற்றை ஈரல் அக்கா?”

மாக்கிறேற் சிரித்தபடியே கண்ணால் தயாபரனைக் காட்டினாள்.

அஞ்சலா அட்டையைக் கீழே போட்டுவிட்டு மண்ணில் முழங்காலில் விழுந்தாள். டெய்சியின் வாயைப் பிளந்து தொண்டைக்குள் விரலை விட்டாள். மணிக்கட்டு வரைக்கும் விட்டாள்.

டெய்சிக்கு அப்போது ஒன்றுமே ஆகியிருக்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டுதான் நின்றது.

மாக்கிறேற் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். காலையில் தயாபரன் சீசரைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தபோது, அவருடைய பை இருந்த வாங்கில் அஞ்சலா உட்கார்ந்திருந்தாள். வெயிலுக்கு ஒதுங்கியிருக்கிறாள் என்றுதான் மாக்கிறேற் அப்போது நினைத்திருந்தாள்.

டெய்சியின் பின்கால்கள் முதலில் மடிந்தன.

ஆட்கள் ஓடிவந்தார்கள். நுரையைக் கண்டதும் ஒருவர் தன் நாயைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார். யார் கொடுத்தது என்று யாரும் கேட்கத் தேவைப்படவில்லை. பெட்டி தயாபரனின் கையில் இருந்தது. காதில் தொடங்கினவன் உயிரில் வந்து முடித்துவிட்டான் என்றார் ஒருவர். நேற்றுவரைக்கும் டெய்சியைப் பழித்தவர்களும் அதற்குத் தலையாட்டினார்கள்.

தயாபரன் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்தார்.

“பாருங்கோ, என்ரை சீசருக்கும் இதைத்தான் குடுக்கிறன்.”

சீசர் தலையை நிமிர்த்தி அசையாமல் நின்றது.

மாக்கிறேற் பாய்ந்து அவருடைய கையில் ஓங்கி அடித்தாள். துண்டும் பெட்டியும் மண்ணில் விழுந்தன. சிதறிய எல்லாவற்றையும் செருப்புக் காலால் மிதித்து மிதித்துப் புதைத்தாள். அவருடைய நெஞ்சில் கையை வைத்து, சீசரிடமிருந்து அவரைத் தள்ளிக்கொண்டே போனாள்.

நாயைப் பறிகொடுத்தவளின் ஆத்திரம் என்று கூட்டம் விளங்கிக்கொண்டது. இரண்டு பேர் வந்து அவளைப் பிடித்தார்கள். நான்கு பேர் தயாபரனைப் பிடித்தார்கள். ஒருவர் அவருடைய கன்னத்தில் அறைந்தார்.

சொல்லிவிட அவள் வாயைத் திறந்தாள்.

டெய்சியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, எச்சில் காயாத கையோடு, அஞ்சலா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தகப்பனையும் தமையனையும் கடல் எடுத்த பிறகு மாக்கிறேற்றுக்கு இருந்தது அந்த ஒருத்திதான்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சங்கத் தலைவர் அந்த இடத்திலேயே உறுப்பினர் பட்டியலை வாங்கி, மேசையில் வைத்து, சிவப்புப் பேனையால் ஒரு பெயரை வெட்டினார்.

நாலு வருடமாகிறது. அக்காவும் தங்கையும் அதே வீட்டில், ஒரே குசினியில்தான் சமைக்கிறார்கள். டெய்சியைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்தப் பட்டியல் சங்கத்தின் அலுமாரிக் கதவில் ஒட்டிக் கிடக்கிறது. சிவப்புக் கோடு வெயிலில் கொஞ்சம் மங்கிவிட்டது. அதன் கீழே தயாபரனின் பெயரை இப்போதும் முழுதாக வாசிக்கலாம்.