தாய்மாமன் சீர்

ஆசாரி ஊசியை எடுத்ததும், சர்வதேசக் குழந்தைகள் நீதிமன்ற அதிகாரி கோயில் சுவரிலிருந்த காணொலித் திரையில் தோன்றினார்.

"காது குத்திக்கொள்ளக் குழந்தைக்குச் சம்மதமா?"

தாய்மாமன் செவ்வந்தியப்பன் சுற்றிலும் பார்த்தார். கிடா வெட்டி, ஊரையே கூட்டியாகிவிட்டது. மடியிலிருக்கும் ஐந்து வயது இளவேனில் மறுத்தால், சட்டப்படி யாரும் அவள் காதைத் தொடமுடியாது.

"வலிக்குமா மாமா?"

"எறும்பு கடிச்ச மாதிரிதான்டா இருக்கும்."

"அப்ப மொதல்ல நீ குத்திக்க."

"நியாயமான நிபந்தனை" என்றார் அதிகாரி. பெண்கள் குலவையிட்டார்கள். மாமன் மீசையைத் தடவிக்கொண்டு காதை நீட்டினார். அவர் போட்ட அலறலில் கோபுரத்துப் புறாக்கள் பறந்தன.

இளவேனில் அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, திரையைப் பார்த்துச் சொன்னாள்: "எறும்பு கடிச்சா மாமா இப்புடிக் கத்தாது. எனக்கு வேணாம்."

பந்தி என்னவோ அமர்க்களமாகத்தான் நடந்தது. கறிச்சோறு பரிமாறிய மாமனின் ஒற்றைக் காதில், மருமகளுக்கென்று வாங்கிய கல்தோடு ஜோராக மின்னியது.