அனுப்பப்படாத ஏழு நிமிடங்கள்

கைபேசி குரலை அப்படியே அனுப்புவதில்லை. நொடிக்கு ஐம்பது முறை குரலின் அளவுகளை மட்டும் அனுப்பும்; கேட்கும் கைபேசி அவற்றைக் கொண்டு குரலை உருவாக்கிக்கொள்ளும். பேசுபவர் வாய் மூடினால் அளவுகள் நின்றுவிடும். தொடர்பு அறுந்ததோ என்று அஞ்சாதிருக்க, கேட்கும் கைபேசியே மெல்லிய இரைச்சலை எழுப்பும். குரலைச் சுருக்கும் பொறியாளனான தம்பிக்கு இது அன்றாட வேலை.

அக்காள் இறந்த மறுவாரம், தன் சோதனைக் கைபேசியில் பதிவான அவளுடைய கடைசி அழைப்பை அலுவலகத்தில் பிரித்துப் பார்த்தான். மொத்தம் பதினொரு நிமிடங்கள். அவளிடமிருந்து முதல் நான்கு நிமிடங்களுக்கே அளவுகள் வந்திருந்தன; மீதி ஏழும் அவன் கைபேசியே எழுப்பிய இரைச்சல்.

ஐந்தாம் நிமிடத்தில்தான் அவன், "மூச்சு வாங்குதேக்கா, வரட்டுமா?" என்று கேட்டிருந்தான்.

"வேணாம்டா பெரிய மனுஷா, நாளைக்கு வா. நான் எங்க ஓடிடப் போறேன்?" என்று அவள் சிரித்தது இன்னும் காதில் இருந்தது. அதை நம்பித்தான் அவன் போகவில்லை. அவள் வீடு இருபது நிமிடத் தொலைவு. மயங்கிய பிறகு உயிர் பிரிய ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் என்றார் மருத்துவர்.

பக்கத்து மேசைக்காரன் திரையை எட்டிப் பார்த்தான். "ஏன்டா, ஏழு நிமிஷமா தனியாவா பேசிட்டிருந்த?"

அவன் பதிவின் கடைசி வரிக்குப் போனான். அழைப்பைத் துண்டித்த எண் அவனுடையது.