மூங்கில் ஆணி

சுற்றியிருந்த சைக்கிள் டியூப்பைப் பிரித்ததும் துப்பாக்கிக் கட்டையின் கழுத்து இரண்டாகப் பிளந்து கலியாணசுந்தரத்தின் மடியில் விழுந்தது.

"காட்டுல புடிச்சது அண்ணே. சரி பண்ணிக் குடுத்தா நம்ம ஊர்க்காவல்காரங்களுக்கு ஆகும்னு சார்ஜன் சொல்றாரு," என்றான் போலீஸ்காரன் அப்துல் கய்யூம்.

கலியாணசுந்தரம் காஜா பேராங் சாலையில் மேசை நாற்காலி செய்கிற ஆசாரி. ஸ்டேஷனில் போலீஸ்காரர்கள் உட்கார்ந்து கொட்டாவி விடுகிற பெஞ்சுகூட அவர் செய்ததுதான். அதனால் இந்த வேலையும் அவர் தலையில் வந்து விடிந்தது.

பிளவுக்குள் யாரோ ஏற்கெனவே மூங்கில் ஆணி அடித்து ஒட்டுப்போட்டிருந்தார்கள். பிடுங்கக் குறடு தேவைப்படவில்லை. விரலோடு வந்துவிட்டது.

மூங்கில் ஆணியை நன்றாகக் காயவைத்து அடிக்கவேண்டும். ஈரத்தோடு அடித்தால் பிறகு சுருங்கிக் கழன்றுவிடும். இதை எந்தப் புண்ணியவானோ வாயில் கடித்து எச்சில் படுத்தி அடித்திருந்தான்.

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பல் வரிசை அப்படியே பதிந்திருந்தது. முன்பல் இருக்கவேண்டிய இடம் மட்டும் காலி.



எச்சில் படுத்தாதேடா, படுத்தாதேடா என்று இதே பட்டறையில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். ஒருநாள் ஆத்திரத்தில் ஓங்கி விட்ட அறையில்தான் மகன் தேவதாஸின் முன்பல் போனது.

தேவதாஸுக்கு வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்கிற உயரம். கடைக் கட்டில் பற்றாமல் அவர் கையாலேயே நீளமாக ஒன்று செய்துகொடுத்தார். பின்னறையில் அது இன்னும் கிடக்கிறது. அம்மாக்காரி தினமும் துடைத்துப் பாய் விரித்துவைக்கிறாள்.

அவன் சிங்கப்பூரில் துறைமுக வேலையில் இருப்பதாக ஊருக்குச் சொல்லியிருந்தார். மனைவி சிவகாமசுந்தரிக்கும் அதே பொய்தான். வெள்ளைக்காரனை எதிர்த்துத் துப்பாக்கியோடு காட்டுக்குப் போனவன் வீட்டாரை அரசாங்கம் வாரிக்கொண்டுபோய் அடைத்துவைப்பதும் நாடுகடத்திக் கப்பலேற்றுவதுமாக இருந்த காலம். அவர் வாய் தவறினால் அவளும் மகள் கோகிலாவும் கம்பிக்குப் பின்னால் போவார்கள்.

கய்யூம் இன்னும் போகாமல் நின்றான். அவனாகவே பேசினான்.

"எனக்கு நேரா நின்னுட்டான் அண்ணே. அவன் துப்பாக்கியத் தூக்குறப்பவே கட்ட கழண்டு கையோட வந்துருச்சு, நான் முந்திச் சுட்டுட்டேன். இல்லாட்டி இன்னிக்கு நான் இல்ல. எவன் இந்த ஒட்டுப் போட்டானோ, அவன் நல்லா இருக்கணும்."

கய்யூம்மேல் கோபம் வருகிறதா என்று கலியாணசுந்தரம் தனக்குள் தேடிப் பார்த்தார். வரவில்லை. தெங்கேராவில் பீவி பெற்ற ஒரே பிள்ளை இவன். அவளுக்காவது ஒருவன் மிஞ்சட்டும்.

பசை உருகிக்கொண்டிருந்த அடுப்பில் அந்த ஆணியைப் போட்டார். அது சத்தமில்லாமல் எரிந்தது.

"ஆள் ஸ்டேஷன் வாசல்லதான் கெடக்கான். எங்க வீட்டுப் புள்ளன்னு ஒருத்தரும் வரல. பொதைக்க ஒரு பெட்டியும் வேணும் அண்ணே. சும்மா பலகைய அடிச்சாப் போதும், இழைக்க எல்லாம் வேணாம்."

சொல்லிவிட்டுக் கய்யூம் சைக்கிளில் ஏறிப் போனான்.

ஸ்டேஷன் கூப்பிடு தூரம்தான். எழுந்து போனால் முகத்தை ஒருமுறை பார்த்துவிடலாம். ஆனால் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டு திரும்பி வர அவரால் ஆகாது.

போகவில்லை.

காய்ந்த மூங்கிலில் புது ஆணி சீவினார். பசை தடவி இறக்கினார். இனி அந்தக் கட்டை யார் கையிலும் கழலாது. அதை நினைத்தபோதுதான் கண் கலங்கியது.

பிறகு மெர்டேக்கா சுதந்திர விழா மேடைக்கென்று வாங்கிவைத்த பலகையில் ஒன்றை உருவிப் போட்டு, பென்சிலால் கோடு கிழித்தார்.

கய்யூம் திரும்பி வந்து நின்றான்.

"அளவு சொல்ல மறந்துட்டேன் அண்ணே, ஆளு கொஞ்சம்..."

பலகையைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான். மறுபடி பலகையின் இந்த முனையிலிருந்து அந்தக் கோடுவரை பார்த்தான். கலியாணசுந்தரம் தலை நிமிரவில்லை.

"சரியா இருக்கும்," என்றான் கய்யூம், மெல்ல. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனான்.

சிவகாமசுந்தரி கோப்பியோடு வந்தாள். யாருக்குப் பெட்டி என்று கேட்டாள்.

யாரோ அனாதைக்கு என்றார்.

அவள் கோடு போட்ட இடத்தில் பலகையைத் தொட்டாள். கையை எடுக்காமல் வெகுநேரம் நின்றாள்.

"உள்பக்கத்தையும் இழைச்சு விடுங்க," என்றாள். "செலாம்பு குத்தாம இருக்கட்டும்."